மச்சினன் கொடுத்த சாம்பிள்

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் இருந்த காக்கிச் சட்டைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"மூத்திரம் என்னுது இல்லண்ணே. வேலை மட்டும் எனக்குப் போச்சி."

பள்ளிக்கூட வேன் ஓட்டியவராம். ஓட்டுநர்கள் குடிக்கிறார்களா என்று பார்க்க நிர்வாகம் சிறுநீர்ப் பரிசோதனை வைத்திருக்கிறது.

"அப்ப யாருது?"

"என் மச்சினன்து. சபரிமலைக்கு மாலை போட்டுக்கினு இருக்கானே, சுத்தமா இருப்பான்னு நம்பி பாட்டில்ல வாங்கிக்கினு போனேன். சரக்கு இருக்குதுன்னு ரிசல்ட் வந்துடிச்சி."

அண்ணன் சிரித்தார். "உன்னுதையே குடுத்திருக்கலாம்ல?"

"நான் தொட்டு பத்து நாளாச்சி. பழசு எதனா உள்ள நிக்குமோன்னு பயந்துட்டேன்."

"மேனேஜர்கிட்ட உண்மைய சொல்லேன்."

"இன்னான்னு? சாமி மூத்திரத்த என்னுதுன்னு ஏமாத்தினேன்னா?"

"அந்த சாமி இன்னா சொல்றாரு?"

"நேத்து வூட்டுக்கு வந்து எனக்கு துண்ணூறு பூசி வுட்டான். 'மாமா, குடிய வுட்டுடுங்க, நீங்களும் ஒரு மாலை போடுங்க'ன்றான்."

"நீ இன்னா சொன்ன?"

"அவங்க அக்கா பக்கத்துல கைய கட்டிக்கினு நிக்கிறா. சரி சாமின்னேன்."