தழும்புள்ள கட்டைவிரல்

நாமக்கல் தபாலாபீசில் மணியார்டர் ஜன்னலுக்கு முன்னால் பதினோரு பேர் நின்றிருந்தோம். நான் நான்காவது. முதலில் நின்ற அம்மாள் எருமப்பட்டியிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

“கட்டைவெரல் மாறிப்போச்சுன்னு பினாங்குலிருந்து எம்பையன் தந்தி அடிச்சுட்டானுங்க” என்றாள்.

குமாஸ்தா நிமிர்ந்தார். “விரலா?”

“போன மாசம் காச்சல்ல கெடந்தனுங்க சாமி. தபால்காரர் ஊட்டுக்குப் பணம் கொண்டாந்தப்ப மருமவ ரேகை வெச்சுட்டா. ரசீது அங்க போனதும் கண்டுபுடிச்சுட்டான். எம்பட வெரல்ல அருவாத் தழும்பு குறுக்கால ஓடுதுங்க. அதக் காணோமாம். அம்மா இருக்குதா செத்துப்போச்சான்னு கேக்கறான். இந்த ரசீதுலயும் தழும்பு இல்லீன்னா வேலைய உட்டுப்போட்டுக் கப்பலேறிருவானாம்.”

“கடலுக்கு அந்தாண்ட இருந்துக்கிட்டு ஒரு தழும்பத் தேடியிருக்கானுங்களே!” என்றார் இரண்டாவதாக நின்றவர்.

“அவனுக்குக் கரும்பு வெட்டிக் குடுக்கறப்பப் பட்டதுதானுங்க அது.”

அவள் விரலை மையில் தோய்த்து அழுத்தினாள். கறுப்பு ரேகையின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. வரிசை கலைந்து எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

“நல்லாக் காயட்டுமுங்க சாமி” என்றாள்.

குமாஸ்தா அந்தத் தாளை மூன்று முறை ஊதினார்.