ஆபீசர் கேட்காத கேள்வி

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் தக்காளிக் கூடை, இளையவள் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. கூடைக்காரம்மா சொன்ன ஒரு பேச்சில் என் தூக்கம் போய்விட்டது.

"யாரு ஏழைன்னு எழுத வந்த ஆபீசருக்குக் கேக்கவே தெரியல."

"என்னக்கா கேட்டாரு?"

"எத்தனை மாடு, எவ்வளவு நெலம், கூரையா ஓடான்னு கேட்டாரு. களி கிண்டறப்ப கதவ சாத்துவியான்னு கேக்கல."

"அத எதுக்குக் கேக்கணும்?"

"முந்தியெல்லாம் நான் சாத்திக்குவேன். யாராச்சும் வந்துட்டா சாப்பிடுங்கன்னு சொல்லணும். சொன்னா புள்ளைங்களுக்குப் பத்தாது. பெரியவ உன்ன மாதிரி கம்பெனிக்குப் போனதுல இருந்து சாத்தறதே இல்ல."

"இத அவருகிட்ட சொன்னீங்களாக்கா?"

"இல்ல. மதிய நேரம், அடுப்புல களி வெந்துட்டு இருந்துச்சு. சாப்டுட்டு எழுதுங்க சார்னேன். கொள்ளுக் குழம்பு ஊத்தி ரெண்டு உருண்டை சாப்டாரு."

"அப்புறம்?"

"கைய கழுவிட்டு வந்து, ஏழைன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு."