குளிரறைக் கதவுக்கு மேல் இருந்த மைக்

எனக்குப் பதினெட்டு வயது நிரம்பாததால் என் பெயரும் முகவரியும் தனித் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டப்பட்டுள்ளன. வயது பதினாறு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ, செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். அம்மா இறந்த பிறகு சித்தப்பா, சித்தியோடு வசித்து வருகிறேன். இந்த வழக்கில் இறந்தவர் என் சித்தப்பா. அவர் மீன் கிடங்கில் சுமை தூக்கும் வேலை பார்த்தார். என் பாதுகாவலர் என்ற முறையில் சித்தி இப்போது பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். என்னை யாரும் மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை. நான் பேசுவது எட்டவில்லை என்பதால் ஏட்டம்மா மேசையைச் சுற்றி வந்து என் அருகில் உட்கார்ந்து எழுதுகிறார்.

கடையில் உடைத்துப் போடும் போன், டேப் ரெக்கார்டர், பொம்மை ஆகியவற்றிலிருந்து மைக்கைக் கழற்றிச் சேர்த்து வைப்பது என் வழக்கம். அவற்றைக் கொண்டு வீட்டில் கைதட்டினால் எரியும் விளக்கும், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அழுதால் சமையலறையில் கேட்கும் பெட்டியும் செய்திருக்கிறேன். எந்நேரமும் மூலையில் உட்கார்ந்து எதையாவது கொறித்துக்கொண்டிருக்கிறேன் என்று சித்தப்பா என்னைச் சுண்டெலி என்று கூப்பிடுவார். அந்தக் குழந்தைப் பெட்டியைப் பற்றி அவர் கிடங்கில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அப்போது குளிரறையின் கதவை உள்ளிருந்து திறக்கும் பிடி உடைந்து கிடந்தது. பிடியை மாற்றும் வரைக்கும் உள்ளே மாட்டிக்கொண்டவர் கூப்பிட்டால் காவலாளியின் அறையில் கேட்கும்படி ஒரு பெட்டி செய்து தரும்படி மேனேஜர் சித்தப்பா மூலம் என்னிடம் கேட்டார். அதன் பிறகு பிடி மாற்றப்படவே இல்லை.

முதலில் செய்த பெட்டியில் பழைய கம்பியில்லா போனிலிருந்து எடுத்த மைக்கைப் போட்டேன். அது நாலா பக்கத்துச் சத்தத்தையும் எடுக்கும். குளிரறையின் எந்த மூலையில் நின்று கூப்பிட்டாலும் கேட்டது. ஆனால் உள்ளே ஓடும் பெரிய விசிறியின் இரைச்சலும் நாள் முழுவதும் கேட்டது. அதனால் தலைவலி வருகிறது என்று காவலாளி சொன்னபோதும் அவர் ஒலியைக் குறைத்து வைத்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகு உறைபனி ஈரம் ஏறி அந்த மைக் செத்துவிட்டது.

அதன் பிறகு மேனேஜர் தாமே பெட்டியைக் கடைக்கு எடுத்து வந்தார். மூடிப்போன ஏதோ ஆபீஸிலிருந்து வாங்கிய ஹெட்செட்டுகள் ஒரு பை நிறைய அவரிடம் இருந்தன. அதில் ஒன்றைப் பிரித்துப் போடச் சொன்னார். பிரித்துப் பார்த்தேன். சாதாரண மைக் என்றால் மாத்திரை அளவு தகர மூடியின் முன்பக்கம் மட்டும் துளை இருக்கும், பின்பக்கம் கம்பி ஒட்டும் இரண்டு ஈயப் பொட்டுகள் மட்டும் இருக்கும். இதில் பின்பக்கமும் துளை இருந்தது. அப்படிப்பட்ட மைக் வாய்க்கு அருகில் பேசுவதை மட்டும் எடுக்கும். தூரத்துச் சத்தம் முன்னாலும் பின்னாலும் ஒரே அளவில் நுழைந்து ஒன்றையொன்று அழித்துவிடும். சுற்றிலும் பலர் பேசும் இடத்தில் வேலை செய்பவர்களுக்காகச் செய்யப்பட்டது அது. இதை மேனேஜரிடம் சொல்லி, வேறு மைக் தேடித் தருகிறேன் என்றேன். “சரக்கு வந்து நிக்குது. இப்போதைக்கு இதைப் போடு, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். தற்காலிகம் என்று நினைத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பெட்டியைப் பொருத்தும்போது நானும் போயிருந்தேன். மீன் பெட்டிகள் இடிக்கக் கூடாது என்று மைக்கைக் கதவுக்கு மேலே உயரத்தில் வைத்தார்கள். மேனேஜர் ஸ்டூலில் ஏறி மைக்கில் வாயை வைத்து, “ஹலோ, ஹலோ, ஏய் கும்பகர்ணா, எழுந்திரு!” என்றார். காவலாளியை எல்லோரும் அப்படித்தான் கேலி செய்வார்கள். அவர் சாப்பிட்ட பிறகு நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வார், ஆனால் கேட் திறக்கும் சத்தத்துக்கு எழுந்துவிடுவார். அவர் தம் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே ஓடிவந்து, “காதுக்குள்ள வந்து உக்காந்து பேசுற மாதிரி இருக்கு சார். அந்தப் பேய் இரைச்சலே இல்ல” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான், “கீழே தள்ளி நின்னு பேசிப் பாருங்க” என்றேன். மேனேஜர், “என்னம்மா முணுமுணுக்கிற?” என்றார். அதற்குள் சித்தப்பா என் தோளில் கைவைத்து, “எங்க சுண்டெலி செஞ்சது சோடை போகுமா சார்?” என்றார். அத்தனை பேர் முன்னால் அவர் என்னைப் பாராட்டியது அதுவே முதல் தடவை. அதன் பிறகு நான் அதைத் திரும்பச் சொல்லவில்லை. இந்த இடத்தில் ஏட்டம்மா ‘எச்சரித்தேன்’ என்று எழுதியிருந்தார். நான் எச்சரிக்கவில்லை, மெல்லச் சொன்னேன். என் வேண்டுகோளின்படி அந்தச் சொல் அடிக்கப்பட்டுள்ளது.

அதன் பிறகு ஒரு பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து பின்துளை இல்லாத மைக் கிடைத்தது. அதைச் சோதித்து எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். மேனேஜர், “ஓடுற வண்டியை யாராவது பிரிப்பாங்களா? போம்மா, போய் வேற வேலையைப் பாரு” என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். இதை வீட்டில் சொன்னேன். சித்தப்பா, “விடு, நான் நேரம் பாத்துப் பேசுறேன்” என்றார். அவர் பேசினாரா என்று எனக்குத் தெரியாது.

சம்பவத்தன்று கிடங்குக்கு விடுமுறை. சரக்கு இடம் மாற்ற வேண்டும் என்று மேனேஜர் சித்தப்பாவை மட்டும் வரச் சொன்னார். சித்தப்பா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொள்ளாமல் போனார், மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்றார். சாயங்காலம் ஆகியும் வரவில்லை. சித்தி கடைக்கு வந்து என்னை அழைத்துக்கொண்டு கிடங்குக்குப் போனார். காவலாளி எங்களைப் பார்த்து, “பின்வாசல் வழியா லாரியில ஏறிப் போயிட்டாருன்னுல்ல நினைச்சேன்” என்றார். அதன் பிறகு அவரே சாவியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினார்.

குளிரறையின் கடைசி வரிசையில் இரும்பு அடுக்கு சரிந்து சித்தப்பாவின் கால்கள் மேல் கிடந்தது. அவர் கையில் பெட்டி இழுக்கும் கொக்கி இருந்தது. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த தகரத் தூண் அந்தக் கொக்கியால் அடித்து அடித்துப் பெயின்ட் உதிர்ந்து நெளிந்திருந்தது. காவலாளி தம் சட்டையைக் கழற்றி அவர் மேல் போர்த்தினார். அவரை அசைத்து, “அண்ணே, ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?” என்று கேட்டார். அப்போது காவலாளி அறையின் பெட்டியை நான் போய்ப் பார்த்தேன். அது ஓடுவதைக் காட்டும் விளக்கு எரிந்தது. ஒலித் திருகு கடைசி வரை திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நான் எதையும் தொடவில்லை.

அதன் பிறகு மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்து, “காதுல விழுந்திருக்கும்மா. அவன் தூங்குமூஞ்சின்னு ஊருக்கே தெரியும். திருகை அணைச்சுட்டுப் படுத்திருப்பான்” என்று சித்தியிடம் சொன்னார். கூட வேலை செய்பவர்களும் கும்பகர்ணன் கதையைத்தான் போலீசில் சொல்லியிருக்கிறார்கள். காவலாளியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சித்தி என்னிடம், “நீ பாத்ததை மட்டும் சொல்லு, மைக் கிக்குன்னு உளறி அந்தப் பாவியை வெளியே விட்றாதே” என்றார். இதைச் சொல்லலாமா என்று இப்போது அவரிடம் கேட்டேன். அவர் தம் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

நான் கேட்டுக்கொண்டபடி இன்ஸ்பெக்டர் ஐயா என்னைக் கிடங்குக்கு அழைத்துச் சென்றார். ஒரு போலீஸ்காரரைச் சித்தப்பா கிடந்த இடத்தில் உட்காரவைத்துக் கத்தச் சொன்னார். நானும் இன்ஸ்பெக்டர் ஐயாவும் காவலாளியின் அறையில் இருந்தோம். எதுவும் கேட்கவில்லை. “கத்துனாரா இல்லையா?” என்று ஐயா கேட்டார். போலீஸ்காரர் தொண்டை கட்டிப்போய் வந்து, “உயிரைக் குடுத்துக் கத்தினேன் ஐயா” என்றார். அதே ஆள் ஸ்டூலில் ஏறி மெதுவாகப் பேசியது தெளிவாகக் கேட்டது. அதன் பிறகு அவர்கள் முன்னிலையில் கதவுக்கு மேலிருந்த மைக் கூட்டைத் திறந்து, ஹெட்செட் மைக்கின் பின்துளையைக் காட்டினேன். அதை எடுத்துவிட்டு, டேப் ரெக்கார்டர் மைக்கை ஒட்டினேன். போலீஸ்காரர் மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்து, “யாராவது வாங்க, யாராவது வாங்க” என்று கத்தினார். விசிறி இரைச்சலுக்கு மேல் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஐயா ஒலித் திருகைத் தாமே அணைத்தார். இரண்டு மைக்குகளும் தனித்தனி உறையில் இட்டு என் முன் ஒட்டப்பட்டன.

காவலாளி கேட்டும் கேட்காததுபோல் இருந்தார் என்பது சரியல்ல. அவர் எதையும் கேட்டிருக்க முடியாது. அந்த மைக்கை ஒட்டியது நான். மாற்றக் கூடாது என்று தடுத்தது மேனேஜர்.

ஏட்டம்மா இதை முழுவதும் சத்தமாகப் படித்துக் காட்டினார். முடிந்ததும் சித்தி என்னைப் பார்த்து, “அப்போ அவரு கத்துனது ஒருத்தர் காதுலயும் விழலையாடி?” என்று கேட்டார். “விழலை சித்தி” என்றேன். “அந்தாளு காதுலயாவது விழுந்துச்சுன்னு இருந்தேன்” என்றார். இதையும் எழுத வேண்டுமா என்று ஏட்டம்மா கேட்டார். சித்தி, “எழுதுங்க” என்றார். அதன் பிறகு பேனாவை வாங்கி எனக்கு முன்னால் அவர் கையெழுத்துப் போட்டார்.

இவை யாவும் நான் என் வாயால் சொன்னவை. கூட்டாமல் குறைக்காமல் எழுதப்பட்டிருப்பதைக் கேட்டு அறிந்து, உண்மை என ஒப்புக்கொள்கிறேன்.

(கையொப்பம்) உடனிருந்த பாதுகாவலர்
(கையொப்பம்) வாக்குமூலம் அளித்தவர்