இடம் மாறின துண்டு

— பெட்டியை அப்புறம் அடுக்கலாம். இப்ப என்ன சொன்னே, மருமகளே? இன்னொரு தடவை சொல்லு.

— மூணு கரு கலைஞ்சதுக்கும் நான் காரணமில்ல அத்தை. உங்க புள்ளையோட குரோமோசோம்தான்.

— லேப்ல வேலை பாக்கறவ, எது வேணா சொல்லுவே. நான் என்னத்தைக் கண்டேன்!

— லேப்ல வேலை பாத்தும் நான் முட்டாள்தான். ஒவ்வொரு தடவையும் என் ரத்தத்தையே மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பாத்தேன். சரியா இருந்தும் திரும்ப அதையேதான் பாத்தேன். அவரோடதைப் பாக்கணும்னு தோணவே இல்ல. அவ்வளவு நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்க என்னை. போன மாசம் காய்ச்சலுக்கு எடுத்த அவர் ரத்தத்துலதான் பாத்தேன்.

— அவனுக்கு என்னடி குறை? குண்டுக்கல்லு மாதிரி இருக்கான்.

— இருப்பார். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெண்டு மீட்டர் டிஎன்ஏ இருக்கு, நூல் மாதிரி. அதை மணிமணியா சுத்தி, சுத்தினதை மறுபடி மடிச்சு, கட்டுக் கட்டா வச்சிருக்கும். அந்தக் கட்டுதான் குரோமோசோம். அவருக்கு ஒரு கட்டோட நுனி அறுந்து இன்னொண்ணுல ஒட்டியிருக்கு. அதோட நுனி இதுல.

— ஒட்டித்தானே இருக்கு? தொலைஞ்சா போச்சு?

— தொலையல. அதனாலதான் அவர் நல்லா இருக்கார். ஆனா விந்து உருவாகறப்ப எல்லாம் பாதியாப் பிரியணும். பிரியறதுக்கு முன்னாடி, அம்மா கொடுத்த கட்டும் அப்பா கொடுத்த கட்டும் ஜோடி ஜோடியா ஒட்டி நிக்கும். இவருக்கு நாலு கட்டு ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்குது. பிரியறப்ப பல தடவை ஒரு துண்டு கூடுதலாப் போகுது, ஒரு துண்டு குறைஞ்சு போகுது. குழந்தை எப்படித் தங்கும்?

— போதும், மேல சொல்லாதே.

— ஏன்? என்னை ராசியில்லாதவள்னு எங்கம்மா முன்னாடியே நீங்க சொன்னப்ப வாய் நல்லா நீண்டுச்சே?

— இது பரம்பரையா வருமா?

— வரும். உங்ககிட்டேருந்தோ மாமாகிட்டேருந்தோ வந்திருக்கலாம். நேத்து அவர்கிட்ட சொன்னேன். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டாங்க"ன்னார். இத்தனை வருஷம் நான் தாங்கினது அவர் கண்ணுலயே படல. அதான் கிளம்பறேன்.

— கிளம்பும்மா, நான் தடுக்கல. இவனுக்கு முன்னாடி எனக்கு நாலு கலைஞ்சுது. அதனாலதான் உனக்கு முதல் கரு கலைஞ்சப்பவே இவனைத்தான் டெஸ்ட்டுக்கு அனுப்பினேன். திரும்பி வந்து, "எனக்கு ஒண்ணுமில்லம்மா, குறை அவகிட்டதான்"னான்.