பிளாக்கிக்கு ஒரு மணி நேரம்

நாயைக் குளிப்பாட்டும்போது காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போன தீபாவளி வரைக்கும் எனக்கு இது தெரியாது. பிளாக்கி ஆறு வருடமாக லூனாஸ் ஊரில் எங்கள் வீட்டின் பின்னால், குழாயடியில், சங்கிலியில்தான் கிடந்தது. போகிற வழியில் மிச்சச் சோற்றைக் கொட்டுவோம். அவ்வளவுதான்.

தீபாவளிக்கு ஜொகூரிலிருந்து வந்த மகள் சுபாஷினி அதைப் பார்த்து அழுதாள். அதன் முதுகில் முடி கொட்டி, தோல் வெடித்திருந்தது.

"பாவம்மா அது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா லா?"

மருந்து வாங்கிக் கொடுத்தாள். அவள் அப்பாவின் அறைக்குள் ஐந்து நிமிடம் இருந்தாள். வாடை தாங்கவில்லையாம்.

என் கணவர் தர்மலிங்கம் பக்கவாதம் வந்து படுத்து இரண்டு வருடம். பேச்சு குழறும், தானாகப் புரள முடியாது. நல்ல மனிதர். ஒருநாளும் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கூலிம் டவுனில் தொழிற்சாலை வேலை, இரவு ஷிப்ட். காலை எட்டு மணிக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும். ஒன்பது வரை அவரைத் துடைத்து, பேம்பர்ஸ் மாற்றி, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டுவேன். பிறகு தூங்கினால்தான் மறுபடி வேலைக்குப் போக முடியும். சாயங்காலம் கிளம்பும்போது இன்னொரு கிண்ணம் கஞ்சி. என் கையில் இருந்தது காலையில் அந்த ஒரு மணி நேரம்தான். அதிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

முதலில் பத்து நிமிடம். கஞ்சியை வேகமாக ஊட்டினால் புரையேறும், ஆனால் பத்து நிமிடம் மிஞ்சும். பிறகு அவரைப் புரட்டுவதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். பிளாக்கிக்கு முடி முளைத்தது. அதைச் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் நடக்கக் கூட்டிப்போனேன். வீடியோ அனுப்பினால் சுபாஷினி இதயம் இதயமாகப் போடுவாள். அப்பாவை வீடியோ எடுக்கச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் முதுகிலும் தோல் வெடித்தது. அந்த மருந்தை மனிதருக்குப் போடக் கூடாது என்று அட்டையில் எழுதியிருந்தது. அதனால் போடவில்லை.

கடைசி வாரம் அறைக் கதவைச் சாத்திவிட்டேன். வேலியோரம் பிளாக்கிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாப்பம்மா எட்டிப் பார்த்தாள்.

"தேவகி, அண்ணன் தண்ணி கேக்குற மாதிரி இருக்கே?"

"டிவி லா அக்கா."

அன்று திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமையும் சத்தம் இருந்தது, கொஞ்சம் மெதுவாக. புதன்கிழமை இல்லை. பிளாக்கி அந்தக் கதவருகே போய்ப் படுத்துக்கொண்டது. சாப்பிடக் கூப்பிட்டேன், எழுந்து வரவில்லை. வியாழக்கிழமை காலையில் நான்தான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

வேலைக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் அப்பாவைக் கவனிக்க நேரம் கிடைக்கவில்லை என்று சுபாஷினியிடம் சொன்னேன். "எனக்குப் புரியுதும்மா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் தொழிற்சாலையில் விசாரிப்பீர்கள். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு நாளும் விடுப்பு எடுத்திருந்தேன். வீட்டில்தான் இருந்தேன்.