எண்ணாமல் பேசிய படம்

ஹலோ... ஹலோ, சவுண்ட் ரூமா? ... நான்தான், அந்தப் படத்துல நடிச்சவ. ... ஆமா, ஆமா, உயிரோடதான் இருக்கேன். வணக்கமெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம் தம்பி, முதல்ல அந்த மெஷினை நிறுத்துங்க.

... நிறுத்துங்கன்னா நிறுத்துங்க! என் முதல் படத்தைப் புதுசு பண்றோம்னு வாங்கிட்டுப் போயிட்டு, என் வாய்க்கு வேற ஒரு பொண்ணு குரலைப் போடறீங்களாமே? உங்க முதலாளி இப்பதான் போன் பண்ணிச் சொல்றாரு, என்னமோ நல்ல சேதி மாதிரி.

... நாலு மணிக்கு தியேட்டருக்கு அனுப்பணுமா? இப்ப மூணுதானே? ... தெரியும், கடைசி ரீல்ல சத்தம் போயிடுச்சு. எனக்கும்தான் முட்டி போயிடுச்சு. அதுக்காக வேற ஆளை விட்டா நடக்கறேன்?

... நல்ல குரலா? யாரு இல்லேன்னா? ஆயுசு பூரா எனக்கு நல்ல குரல்தான் குடுத்தாங்க. ... குறுக்க பேசாதீங்க, கேளுங்க. அந்த முதல் படம் முடிஞ்சதும், மூஞ்சி சரி, குரல் தகர டப்பான்னுட்டாங்க. அப்புறம் எழுபத்திரண்டு படம். எல்லாத்துலயும் வேற ஒருத்திதான் பேசினா. நீ வசனம் பாடம் பண்ண வேணாம்மா, நேரம் வீண், ஒண்ணு ரெண்டு எண்ணு, வாய் அசைஞ்சா போதும்னாங்க. ... ஆமா, எண்ணினேன். புருஷன் செத்துக் கிடக்கறான், நான் அவன் மேல விழுந்து பதினேழு, பதினெட்டு, பத்தொம்பதுன்னு கதறினேன். தியேட்டரே அழுதுது.

... சிரிக்காதீங்க. ... பரவால்ல, சிரிங்க, நானும் சிரிச்சவதான். அப்புறம் ஒரு கடிதாசி வந்துது. காது கேக்காத ஒரு பொண்ணு. வாயைப் பாத்தே பேச்சைப் புரிஞ்சுக்கறவ. 'அக்கா, உங்க படம் ஒண்ணு விடாம பாக்கறேன். ஏன் எப்பவும் எண்ணிக்கிட்டே இருக்கீங்க? முதல் படத்துல மட்டும் பேசினீங்களே'ன்னு எழுதியிருந்தா. பதில் எழுதக்கூட வெக்கம்.

... என்ன, பழசைப் போட்டுக் காட்டறியா? போடு. ... ம். ... கரகரன்னுதான் இருக்கு. ... இரு, இரு, நிறுத்தாத! 'போகாதீங்க'ன்னு... அது நான். தகர டப்பாவா அது? சொல்லு. ... இல்லல்ல?

... அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லியா? ... நாப்பது செகண்டா? ... நானே வந்து பேசறதா? வேணாம்ப்பா, இந்தக் கிழவி குரல் அந்தச் சின்னப் பொண்ணுக்குப் பொருந்தாது. சும்மா விடு. சத்தமே இல்லாம ஓடட்டும். ... ஜனங்க விசிலடிச்சா அடிக்கட்டும். ... உன் வேலை போயிடுமா? ஏன் போகுது? இருக்கறது ஒரே பிரிண்ட், அது என் வீட்டுப் பெட்டியில இருந்து வந்தது. முதலாளி கத்தினா, அந்தம்மா பொட்டியோட திருப்பிக் கேக்குதுன்னு சொல்லு.

... எடுத்துட்டியா? புதுசாப் போட்ட பொண்ணு குரலை? ... சத்தமா சொல்லு. ... சரி. ... சரி, சரி. நல்லாயிரு சாமி.

... என்னது? அந்த நாப்பது செகண்டுல என்ன பேசினேன்னு கீழே எழுதிப் போடணுமா? வேணாம். அந்தக் கடிதாசி எழுதினவ இருந்தா அவளுக்கும் இப்ப அறுபத்தஞ்சு இருக்கும். வந்து உக்காருவா. தியேட்டர்லயே அவளுக்கு மட்டும்தான் கேக்கும். ... அழல தம்பி. வைக்கிறேன்.