தேக்கு உலரும் அறை

இந்த மேசை தேக்கு இல்லை ஐயா. தேக்கு என்று சொல்லி யாரோ உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். நல்ல தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கும். கறையான் கிட்டே வராது, மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. ஆனால் ஈர மரத்தை அவசரப்பட்டு உலர்த்தினால் வெடித்துவிடும்.

அதற்குத்தான் எங்கள் பட்டறையில் உலர்த்தும் அறை. இரும்புக் கதவு, உள்ளே சூடான காற்று. அடுக்கிய பலகைகளைப் பார்க்கப் போகிறவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போகவேண்டும். செருப்பு கிடந்தால் யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள், ஏனென்றால் உள்ளேயிருந்து திறக்க வழி கிடையாது. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே என் தம்பிதான்.

மனைவி இறந்த பிறகு அவனை விட்டால் எனக்கு நாதியில்லை. ஒரே வீடு, ஒரே பட்டறை. அவனோ மகள் கூப்பிட்டாள் என்று அவளோடு போய் இருக்க முடிவு செய்துவிட்டான். பெட்டியைக் கட்டிவிட்டுத்தான் என்னிடம் சொன்னான். வயிறு எரிந்தது ஐயா, மறைக்கவில்லை. இனி நான் சாப்பிட்டேனா என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

அன்று ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் இல்லை. கிளம்புமுன் மரத்தை ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன் என்று உள்ளே போனான். வாசலில் செருப்பு கிடந்தது. பார்த்தேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

முதலில் சிரித்தான். “வெளையாடாதீங்கண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றான். நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சின்ன வயதுக் கதைகளையெல்லாம் எடுத்தேன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவனும் ஏதேதோ பதில் சொன்னான். வெகுநாளைக்குப் பிறகு மனம்விட்டுப் பேசினோம். சூட்டை நான் கொஞ்சமும் கூட்டவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தேக்குக்கு எப்போதும் வைக்கிற சூடுதான்.

போகப் போக அவன் குரல் இறங்கிவிட்டது. “நான் எங்கயும் போகலண்ணே. உங்ககூடவே இருந்துடறேன்” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்குத்தானே ஏங்கிக் கிடந்தேன்.

அப்போதாவது திறந்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். வெளியே வந்தால் பேச்சு மாறிவிடுவான் ஐயா, அவன் குணம் எனக்குத் தெரியாதா? கதவைத் தட்டும் சத்தம் நின்ற பிறகும் வெகுநேரம் அங்கேயே துணைக்கு உட்கார்ந்திருந்தேன்.

நான்தான் செய்தேன். ஆனால் அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான்.